கரட் கணக்கும் பால் கணக்கும்

கந்தப்பளை
20.06.2024

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. ஐந்து நாளாக விடாத மழை, கூடவே காற்று. கொட்டில் தகரம் இரண்டு பறந்துவிட்டது. மூத்தவன்தான் ஏறி ஆணி அடித்தான். எனக்கு இப்போது ஏணி ஏற முழங்கால் விடுவதில்லை.

மார்கழியோடு 55 வயது முடிகிறது, சேமலாப நிதிக் காசு வரும், கொழும்பை விட்டு வந்து அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து இரண்டு மாடும் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வா மச்சான். இங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் குறைந்துவிட்டது. ஆனால் காசை இறக்குவதற்கு முன்னால் என் கரட் கதையைக் கேட்டுக்கொள்.

தை மாதம் கொழும்பில் கரட் கிலோ 2,000 ரூபாய் போனதே, நீகூட போனில் சொல்லிச் சிரித்தாயே, அந்தக் கிழமைதான் இங்கே எல்லோரும் விதைக்கு ஓடினோம். இந்த நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில், ராகலையில், மண்வெட்டி பிடித்தவனெல்லாம் கரட். அது முற்ற மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். தையில் பார்த்த விலை அதுவரைக்கும் நிற்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன். பக்கத்துப் பாத்திக்காரன் போடும்போது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கால் ஏக்கர். விதை, கோழி எரு, உரம், மருந்து, ஆள்கூலி எல்லாமாக 160,000 ரூபாய் இறங்கியது. கிடைத்தது 1,600 கிலோ. லொறிக்காரர் கிலோவுக்கு 70 என்றார். அது 112,000. அதில் பத்து வீதம் கொமிஷன் போனால் 100,800. பிடுங்க, கழுவ, மூட்டை கட்ட, ஏற்ற என்று கிலோவுக்கு 15 போனதில் மிஞ்சியது 76,800. ஆக 83,200 ரூபாயை மண்ணில் விட்டேன். கிலோ 128 ரூபாய்க்குக் கீழே போனால் நட்டம் என்பதை விற்ற அன்று இரவுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விதைக்கிற அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய கணக்கு. விளைச்சல் எவ்வளவு வரும் என்று எனக்கு உத்தேசமாகத் தெரியும், செலவும் தெரியும். பிள்ளையின் கொப்பியில் அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கத்தை எழுதப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

நட்டம் புதிதில்லை. 2021இல் வைகாசியில் இரசாயன உரத்தை நிறுத்தி, கார்த்திகையில் திரும்ப விட்டார்களே, அந்தப் போகத்தில் கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்தது. அடுத்த வருடம் உரம் வந்தும் மூட்டையைத் தொட முடியாத விலை. அதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம். அப்போது எங்களைத் தூக்கியது மாடு. இந்த முறை மாட்டையும் சேர்த்துக் கீழே இழுத்தது நான்.

வீட்டுக்காரி பால் காசை ஒரு பால்மா டின்னில் போட்டு வைப்பாள், உனக்குத் தெரியும். அரிசி, பிள்ளையின் ரியூஷன், மாட்டுத் தீவனம் எல்லாம் அதில்தான். மாசியில் உரத்துக்குக் காசு போதவில்லை. இரண்டு கிழமையில் திருப்பி வைக்கிறேன் என்று டின்னில் கை வைத்தேன். தீவனம் பாதியானது. புண்ணாக்கை நிறுத்தி, வெறும் புல்லைப் போட்டேன். இரண்டு மாடும் சேர்ந்து நாளுக்கு 14 லீற்றர் கறந்தவை, ஒரு மாதத்தில் 9க்கு வந்துவிட்டன. பாலின் தரமும் குறைந்ததால் சேகரிப்பு நிலையத்தில் லீற்றர் விலையும் இறங்கியது. அதைவிட மோசம், செவலை மாடு சினைப் பருவத்துக்கே வரவில்லை. 21 நாளுக்கு ஒரு தடவை பார்க்கிறேன், ஒன்றுமில்லை. கன்று தள்ளிப் போனால் பாலும் தள்ளிப் போகும். அந்த நட்டத்தை எந்த லொறிக்காரரும் சீட்டில் எழுதித் தர மாட்டார். கரட்டில் போனது 83,200 என்று சொல்ல முடிகிறது. மாட்டில் போனது எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் காலையில் வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தீவனக் கடைக்குப் போயிட்டு வாங்க" என்றாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வங்கிக்குப் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். முதலில் கேட்கிற காகிதம் காணி உறுதி. தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவனுக்கு அது எங்கே? அதனால் அடகுக்கடை, சீட்டு, இல்லாவிட்டால் விதை கொடுக்கிற முதலாளி. இந்த முதலாளி விஷயத்தில் கவனம் மச்சான். விதையும் உரமும் கடனுக்குக் கொடுக்கிறவரிடமே விளைச்சலையும் போட்டால், விலை பேச உனக்கு வாய் இருக்காது. என் கரட்டுக்கு வேறொரு லொறி 78 சொன்னது. நான் விதைக் கடன் தந்தவருக்கே 70க்குக் கொடுத்தேன். காரணம் புரிந்திருக்கும்.

நீ வந்தால் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். இரண்டு மாட்டையும் ஒரே நாளில் வாங்காதே. கறவையில் ஒன்றை வாங்கு, நாலைந்து மாதம் கழித்து மற்றதை வாங்கு. கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது கறவையை நிறுத்தத்தான் வேண்டும். இரண்டும் ஒன்றாக வற்றினால் வீட்டில் அடுப்பு எரியாது. நிலத்தில் பாதிக்கு உருளைக்கிழங்கு போடு. பனியில் வெளிறல் நோய் வரும், மருந்துச் செலவு இருக்கும், ஆனால் அரசின் இலவசப் பயிர்க் காப்புறுதியில் கிழங்கு இருக்கிறது, கரட்டும் லீக்ஸும் இல்லை. கமநல சேவை நிலையத்தில் பெயரைப் பதியாமல் விதையைத் தொடாதே. மீதியில் லீக்ஸ். விலை இறங்கினால் லீக்ஸை இரண்டு மூன்று கிழமை மண்ணிலேயே நிற்க வைக்கலாம். முட்டைக்கோவா அப்படி நிற்காது, வெடித்துவிடும். கரட் போடத்தான் வேண்டுமென்றால், தோற்றாலும் தூக்கம் வருகிற அளவுக்குப் போடு. சேமலாபக் காசில் ஒரு பங்கை உன் வீட்டுக்காரி பெயரில் போட்டு, புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிடு. உன்னிடம் கேட்காமல் எடுக்க அவளுக்கு உரிமை இருக்கட்டும், அவளிடம் கேட்காமல் எடுக்க உனக்கு வேண்டாம்.

கூலி ஆளை நம்பிக் கணக்குப் போடாதே. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,700 என்று இந்த 2024 வைகாசியில் வர்த்தமானி வந்தது, இதை எழுதும் வரை கைக்கு வரவில்லை. வந்துவிட்டால் நம் பாத்திக்கு வருகிற ஆளும் அதைத்தான் கேட்பார். கேட்பதும் நியாயம்தான்.

வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. டின்னுக்கு இப்போது பூட்டு. சாவி அவளிடம். தீவனம் பழையபடி போடுகிறோம், பால் 12 லீற்றர் வரை ஏறியிருக்கிறது. நேற்று இரவு முழுக்கச் செவலை கத்திக்கொண்டே நின்றது. சினைக்கு வந்த அடையாளம்தான். காலையிலேயே சினை ஊசி போடுகிற ஐயாவுக்குப் போன் பண்ணிவிட்டேன், மழை விட்டால் பின்நேரம் வருகிறேன் என்றிருக்கிறார்.

நீ வரும்போது புறக்கோட்டையில் ஒரு நல்ல தொங்கு தராசு வாங்கி வா, 100 கிலோ நிறுக்கிறது. லொறியில் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார்கள், சாக்கு எடை என்கிறார்கள். எந்தச் சாக்கு மச்சான் இரண்டு கிலோ வரும்?

உன்,
கந்தப்பளைக்காரன்