கடற்கரையில் ஸ்குவாஷ் அரங்கம் கட்டும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

இராமநாதபுரம் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களுக்கும், அரங்கம் கட்ட வரும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான்கு சுவருக்குள் மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷ், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெறுகிறது. சென்னையில் 2023இல் உலகக் கோப்பையே நடந்தது. மண்டபம், தொண்டி ஆகிய ஊர்களின் பிள்ளைகளுக்கும் ஓர் அரங்கம் வேண்டும் என்று கேட்கிறோம். ஆனால் கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் கட்டும் முறையை அப்படியே கடலோரத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

அளவு எங்கும் ஒன்றுதான்: நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4, தடையில்லாத உயரம் குறைந்தது 5.64. மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 11.66 வர வேண்டும். பூச்சு முடிந்த பிறகு வர வேண்டிய அளவு இது. செங்கல் முகத்தை வைத்து அளந்தால் பூச்சின் கனம் உள்ளே இடத்தைத் தின்றுவிடும்.

கெடுவது சுவர்தான். நம் பக்கத்து உவர்த்தண்ணீரில் கலவை போட்டால், ஈரத்தோடு உப்பு வெளியே வந்து பூக்கும். பூச்சு பொரிந்து உதிரும். அந்த இடத்தில் பட்ட பந்து எகிறாமல் செத்து விழும். ஆட்டமே சுவரில் நடக்கும்போது இதைப் பொறுக்க முடியாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. பூச்சுக்கும், சுவர் நனைக்கும் தண்ணீருக்கும் அதே வரம்பை வையுங்கள். கடல்மணல் ஒரு சட்டிகூட வேண்டாம். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் விரிசல் விடாமலிருக்க இரும்பு வலை அடிப்பார்கள். இங்கே அது துருப்பிடித்துப் பூச்சையே தள்ளும். கண்ணாடியிழை வலை போதும். முன்சுவரை ஒரே நாளில் பூசி முடிக்க ஆள் போடுங்கள், ஒட்டுப்போட்ட இடத்தில் பந்து திசை மாறும். பெயின்ட் அடிக்க நான்கு வாரமாவது பொறுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வியர்க்கும். ஈரச் சுவரில் பட்ட பந்து வழுக்கித் தாழ்ந்து ஓடும். ஆட்டம் முடிந்து ஏசியை நிறுத்தியதும் கதவைத் திறந்துபோட்டால், குளிர்ந்த சுவரில் கடல்காற்றின் ஈரம் அப்படியே படியும். ஏசியோடு ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வாங்குவதே முறை.

மரத்தரைக்கு அடியில் காற்றோட்டமும், ஈரத்தில் மரம் விரிய சுவரோரம் இடமும் விடுங்கள். வார்னிஷ் வேண்டாம், வியர்வை பட்டால் கால் வழுக்கும். முன்சுவரின் அடியில் 48 செ.மீ. உயரத்துக்கு வரும் டின்னுக்கு (பந்து பட்டால் தவறு என்று காட்டும் தகட்டுப் பட்டை) இரும்புத் தகடு வேண்டாம், அலுமினியம் போடுங்கள். பின்பக்கக் கண்ணாடிச் சுவரின் போல்ட்டுகள் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக எவர்சில்வராக இருக்கட்டும்.

தண்ணீர்ச் சோதனை அறிக்கை கைக்கு வராமல் பூச்சு வேலை தொடங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்குவாஷ் ஆட்டக்காரர்களும் அரங்கப் பராமரிப்பாளர்களும்