சாஃப்ட்னர் விற்பவர்கள் கணக்கை எழுதித் தரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் வாட்டர் சாஃப்ட்னர், அதாவது கடின நீரை மென்னீராக்கும் எந்திரம், பொருத்துவது இப்போது வழக்கமாகி வருகிறது. கீழே சமவெளியிலிருந்து வரும் விற்பனையாளர்கள் "எத்தனை பாத்ரூம்?" என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ப சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஓர் எந்திரத்தைக் கைகாட்டுகிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மை (அதில் கரைந்துள்ள கால்சிய, மக்னீசிய உப்புகளின் அளவு) எவ்வளவு, வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இந்த மூன்றும் தெரியாமல் பொருத்தமான சாஃப்ட்னரை முடிவு செய்யவே முடியாது. மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், விலைப்புள்ளி தரும் ஒவ்வொருவரும் அதனுடன் ஒரு பக்கக் கணக்கையும் எழுதித் தர வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், நம் மலையில் பல வீடுகளுக்கு இந்த எந்திரமே தேவையில்லை. உதகைக்குப் பார்சன்ஸ் வேலியிலிருந்தும் குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்தும் வருவது சோலைகளிலும் புல்வெளிகளிலும் ஊறி இறங்கும் நீர். அது பாறையோடு உறவாடும் நேரம் குறைவு என்பதால் கால்சியமும் மக்னீசியமும் அதில் சொற்பமாகவே கரைந்திருக்கும். ஊற்று நீரும் அப்படித்தான். இத்தகைய நீர் சற்றே அமிலத்தன்மையோடு இருந்தால், செம்புக் குழாய் உள்ள வீடுகளில் வாஷ்பேசினில் நீலப்பச்சைக் கறை படியும். அதை "உப்புக் கறை" என்று காட்டி சாஃப்ட்னர் விற்பது தவறு, ஏனெனில் அமிலத்தன்மையைச் சாஃப்ட்னர் சரிசெய்யாது. அதற்குத் தேவை சுண்ணாம்புக்கல் சில்லுகள் நிரப்பிய வடிகட்டி. ஆழ்துளைக் கிணற்று நீரின் கதை வேறு. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி வரும் அந்நீர் கடினமாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து பெரிதும் மாறுபடவும் செய்யலாம். ஆகவே அளந்து பார்த்தே ஆக வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது.

அளப்பது என்றதும் சட்டைப் பையிலிருந்து டி.டி.எஸ். பேனாவை எடுத்து டம்ளரில் முக்கி, அதில் வரும் எண்ணையே கடினத்தன்மை என்று சொல்லும் வழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. அந்தப் பேனா நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்து மதிப்பிடுகிறது, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தனியே பிரித்துக் காட்டாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக சோடியத்தைக் கொடுப்பதால், அதன் வழியாக வந்த நீரிலும் பேனா ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். இதைப் பார்த்து "எந்திரம் வேலை செய்யவில்லை" என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

சரியான சோதனை எளிமையானது. 50 மில்லி நீரை எடுத்து, காரத்தன்மை நிலையாக இருக்க பஃபர் கரைசல் சில துளிகளும் நிறங்காட்டியும் சேர்த்தால் நீர் ஒயின் சிவப்பாக மாறும். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிணைத்துக்கொள்ளும் 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலை, ப்யூரெட் எனும் அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு வரும்போது, சிவப்பு மங்கி ஊதாவாகி, ஒரே ஒரு சொட்டில் தெளிந்த நீலமாகும் கணம் ஒன்று உண்டு. அதுவரை செலவான மில்லி லிட்டரை 20-ஆல் பெருக்கினால் கடினத்தன்மை கிடைத்துவிடும். 16 மில்லி செலவானால் லிட்டருக்கு 320 மில்லிகிராம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் செலுத்தினால் இதோடு இரும்பையும் அமிலத்தன்மையையும் சோதித்து எழுத்தில் தருவார்கள். இரும்பு முக்கியம். பக்கெட்டின் ஓரத்தில் துருக்கறை படியும் வீடுகளில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்புக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம் என்ற கணக்கில் கடினத்தன்மையோடு கூட்டிக்கொள்வது இத்தொழிலில் கைக்கொள்ளப்படும் நடைமுறை.

இனி கணக்குக்கு வருகிறேன். ஐந்து பேர் உள்ள வீடு, ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 500 லிட்டர். கடினத்தன்மை 320, இரும்பு அரை மில்லிகிராம் என்றால் அதற்காக 40, ஆக 360. அப்படியானால் எந்திரம் ஒரு நாளில் அகற்ற வேண்டியது 500 பெருக்கல் 360, அதாவது 180 கிராம். கொள்ளளவு என்பது இந்த 180 கிராம் சுமையை எத்தனை நாள் தாங்கும் என்பதுதான். பாத்ரூம்களின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் எத்தனை குழாய் திறந்திருக்கும் என்ற ஓட்ட வேகத்தைக் கணிக்க உதவுமே தவிர, இந்தச் சுமையைப் பற்றி எதுவும் சொல்லாது.

தாங்கும் திறன், எந்திரத்துக்குள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகளான ரெசினின் அளவை மட்டும் பொறுத்ததன்று, அதை மீண்டும் கழுவிப் புதுப்பிக்க எவ்வளவு உப்பு கொடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. விற்பனையாளர்கள் மறைக்கும், அல்லது அவர்களே அறியாத செய்தி இதுதான். ஒரு லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்பு கொடுத்தால் அது சுமார் 46 கிராம் கடினத்தன்மையை அகற்றும். 240 கிராம் கொடுத்தால் 110 கிராம் அகற்றும் என்று நாம் எதிர்பார்ப்போம், ஆனால் கிடைப்பதோ 68 கிராம் அளவில்தான். உப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, பலன் பாதிகூட ஏறுவதில்லை. எந்திரத்தின் மேல் "30,000 கிரெய்ன்" என்று அச்சிட்டிருப்பது, ஒரு கன அடி ரெசினுக்கு அதாவது சுமார் 28 லிட்டருக்கு, இந்த உச்ச அளவு உப்பைக் கொடுத்தால் கிடைக்கும் திறன். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம் என்பதால் அது 1,944 கிராம் ஆகிறது. சிக்கனமாக உப்பிட்டால் அதே எந்திரத்தின் திறன் சுமார் 20,000 கிரெய்ன்தான். வாங்குபவர் இந்தச் சிறிய எண்ணை வைத்தே கணக்கிட வேண்டும்.

நம் ஊரில் ரெசின் பெரும்பாலும் 25 லிட்டர் மூட்டையாக வருகிறது. மேற்சொன்ன வீட்டுக்கு ஒரு மூட்டையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ உப்பு கொடுத்தால் திறன் 1,150 கிராம். திறன் பகலில் தீர்ந்தாலும் எந்திரம் நள்ளிரவுக்குப் பிறகே ரெசினைக் கழுவும் என்பதால், ஒரு நாள் சுமையான 180 கிராமைக் கையிருப்பாக ஒதுக்கினால் எஞ்சுவது 970. அதை லிட்டருக்கு 0.36 கிராமால் வகுத்தால் 2,694 லிட்டர் வருகிறது. நானாக இருந்தால், ஓடிய நீரை அளந்து கழுவத் தொடங்கச் செய்யும் மீட்டரில் 2,650 என்று வைப்பேன். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு முறை கழுவும், மாதத்துக்கு உப்பு சுமார் 14 கிலோ ஆகும். இதே ரெசினுக்கு ஒவ்வொரு முறையும் 6 கிலோ கொட்டினால், கழுவும் இடைவெளி எட்டு நாளாக நீளும். ஆனால் மாத உப்பு 21 கிலோவைத் தாண்டும். உப்புத் தொட்டியில் நிரப்பும் நீரையும் இதற்கேற்ப அமைக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும், ஆகவே 2.5 கிலோவுக்கு 7 லிட்டர் போதும். கொடுக்கும் உப்பின் அளவைத் தீர்மானிப்பது இந்த நிரப்பு நேரம்தானே தவிர, தொட்டியில் எவ்வளவு உப்பு குவிந்திருக்கிறது என்பதன்று.

அரவேனு பக்கம் ஒரு ஹோம்ஸ்டே உரிமையாளர், உப்பு வாங்கி மாளவில்லை என்று என்னை அழைத்துக் காட்டினார். எந்திரம் மேற்சொன்ன அதே அளவுதான். கழுவுவதை இயக்கும் வால்வின் சிறு திரையில், கம்பெனியிலிருந்து வந்தபடியே, இரண்டு நாளுக்கு ஒரு முறை, இரவு 2 மணி என்று இருந்தது. உப்பு ஒவ்வொரு முறையும் 6 கிலோ. மாதம் 90 கிலோ! மே மாதத்தில் அறைகள் நிரம்பி வழிந்தபோதும், ஜூலை மழையில் ஒருவரும் இல்லாமல் பூட்டிக் கிடந்தபோதும் அதே 90 கிலோ. அதைவிட வியப்பு, குளிக்க வந்தவர்கள் சோப்பு நுரைக்கவில்லை என்று குறை சொன்னது. உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு மரக்கம்பால் குத்தினேன். மேலே கல்போல் இறுகிய உப்புப் பாளம், அதற்கடியில் ஒரு முழம் வெற்றிடம், அதற்கும் கீழே வெறும் தண்ணீர். மலையின் ஈரக்காற்றில் தூள் உப்பு இப்படிப் பாலம் கட்டிக்கொள்ளும். சில நாட்களாக நீர் உப்பைத் தொடாமலே போய் வந்துகொண்டிருந்தது. பாளத்தை உடைத்து, தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை கம்பால் குத்திப் பார்க்கச் சொன்னேன். நல்ல வேளையாக அந்த வால்வில் மீட்டர் முறையும் இருந்தது. அதற்கு மாற்றி, யாரும் இல்லாவிட்டாலும் ரெசினில் கிருமி வளராதிருக்க 14 நாளுக்கு ஒரு முறை கழுவும்படி அமைத்தோம். மீட்டர் இல்லாத, நாள் கணக்கில் மட்டும் ஓடும் வால்வைச் சீசன் ஊரில் யாரும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மலைக்கே உரிய வேறு சில செய்திகளும் உண்டு. தானியங்கி வால்வு உப்பு நீரை உறிஞ்ச சுமார் 1.5 முதல் 2 பார் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரம் ஒரு பார் தரும். மொட்டை மாடித் தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் அது 0.3 பார்தான், சமவெளியில் அதற்கு மோட்டார் பம்பு தேவைப்படும். நமக்கோ தொட்டியைச் சரிவில் 20 மீட்டர் மேலே வைக்க இடம் இருக்கிறது, மின்சாரமே இல்லாமல் வேண்டிய அழுத்தம் கிடைத்துவிடும். மாறாக, 100 மீட்டர் மேலிருந்து நேரே குழாய் இறங்கும் வீடுகளில் அழுத்தக் குறைப்பு வால்வு இல்லாமல் இணைத்தால் எந்திரம் உடைந்து போகும். அடுத்தது குளிர். 20 டிகிரியைவிட 10 டிகிரியில் நீரின் பாகுநிலை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் என்பதால், கோயம்புத்தூரில் சரியாக இருக்கும் பேக்வாஷ் (நீரைக் கீழிருந்து மேலாக விட்டுக் கழுவுதல்) வேகம் இங்கே ரெசினைக் கூடுதலாக மேலே தூக்கிக் கழிவுக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். கழிவுக் குழாயின் முனையில் பொன்னிற மணிகள் தென்பட்டால் அது ரெசின், நம் பணம். குளிருக்கேற்ற சிறிய ஓட்டக் கட்டுப்பாட்டு வில்லையைப் போட்டுத் தரும்படி கேட்க வேண்டும். உறைபனி விழும் உதகையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எந்திரத்தை வெளிச்சுவரோரம் திறந்த வெளியில் வைக்கக் கூடாது.

கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் கொட்டும் உப்பிலுள்ள குளோரைடு முழுவதும் வாய்க்காலுக்குத்தான் போகிறது. சமவெளியில் அது சாக்கடையோடு போகலாம். இங்கே அது கீழ்வீட்டுக் கேரட் பாத்தியிலும் தேயிலைச் சரிவிலும் இறங்கி, ஓடை வழியாகப் பவானியை நோக்கிச் செல்கிறது. 14 கிலோவுக்கும் 90 கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், பணம் அதற்கு அடுத்தது. வீட்டுக்குள் வரும் நீரிலும் சோடியம் ஏறுகிறது. 320 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுவதும் நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 147 மில்லிகிராம் சோடியம் சேரும். இரத்தக் கொதிப்புள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இது சிறிய அளவன்று. ஆகவே சமையலறைக் குடிநீர்க் குழாயையும் தோட்டக் குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிட வேண்டும். கீசர், குளியல், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கு மட்டும் மென்னீர் போதும். அப்படிப் பிரித்தால் நாள் சுமையும் குறைந்து, எந்திரமும் சிறியதாகவே போதுமானதாகிவிடும்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்த எந்திரங்களுக்கான விளம்பரங்கள் வருகின்றன. அவற்றை வெளியிடும்போதே, சோதனைக்கூட அறிக்கையின் எண், நாள் பயன்பாடு, ரெசின் லிட்டர், ஒரு முறைக்கான உப்பு, மீட்டரில் வைக்க வேண்டிய லிட்டர் ஆகிய ஐந்தையும் விலைப்புள்ளியில் எழுதித் தரும்படி வாசகர்கள் கேட்டுப் பெற வேண்டும் என்று ஒரு குறிப்பைத் தாங்கள் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் ப்யூரெட் இருக்கிறது. மாணவர்கள் ஆளுக்கொரு பாட்டிலில் தங்கள் வீட்டு நீரைக் கொண்டுவந்து சோதித்தால், எந்தெந்தத் தெருவில் சாஃப்ட்னர் தேவை, எங்கே தேவையில்லை என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.