வாடியைச் சாய்த்த யானை

அன்பு மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. சோம்பல் என்று நினைத்திருப்பாய். அது பாதிதான். உன் வயல் வட்டையிலிருந்த வாடிக் குடிசையை யானை சாய்த்துவிட்டது. அதை எப்படி எழுதுவதென்று தள்ளிக்கொண்டே வந்தேன். விதைநெல் இரண்டு மூடையும் போச்சு. காவலுக்கு இருந்தவன் பரணில் உறங்கிவிட்டானாம். வீட்டில் எல்லாரும் சுகம்.

போன கிழமை நம் கூட்டாளி நெட்டையன் என்னை இங்கினியாகலைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் படகு. ஏறுமுன்னே அவன் இரண்டு லைஃப் ஜாக்கெட் கேட்டான். தாந்தாமலைக் குளத்தில் பட்டதை இன்னும் மறக்கவில்லை பாவி!

வாய்க்காலில் தண்ணீர் பிந்தினால் வாய்க்கு வந்தபடி ஏசுகிறோமே, அது எங்கிருந்து வருகிறதென்று ஒருநாளாவது போய்ப் பார்த்தோமா? பட்டிப்பளை ஆற்றை மலைகளுக்கு நடுவே மறித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீருக்குள். அன்றைய குன்றுகளின் தலைகள்தான் இன்றைய தீவுகள். சுற்றிவரக் காடு. குளத்துக்கு நீர் தரும் அந்தக் காட்டைக் காக்கத்தான் 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா வந்தது, 25,900 ஹெக்டேயர். புல்வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் நிற்கின்றன. உன் அம்மாவின் திரிபலைச் சூரணம் மரமாக நிற்கிறது மச்சான்!

அப்போதுதான் தண்ணீரில் ஏதோ அசைந்தது. முதலை என்று நெட்டையன் என் தோளைப் பிடித்தான். யானை! தும்பிக்கை நுனியும் மண்டையும் மட்டும் தெரிய, ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு நீந்துகிறது. படகுக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டார். அது மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது.

"இதுதான் வாடியைத் தள்ளினதோ?" என்றான் நெட்டையன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் சிறுபோக வெள்ளாமைக்காக அது மேய்ந்த பள்ளத்தை அமிழ்த்தியாயிற்று. வேடர்கள் வேட்டையாடிய காடும் அதற்குள்தான் போனது. வரம்பில் நின்று யானையை விரட்ட வெடி போடும்போது இதெல்லாம் எங்கே நினைவு வருகிறது? அதற்காக நாளைக்கு வெடி போடாமல் இருப்பேனா என்றால், போடுவேன். வெள்ளாமை வீட்டுக்கு வர வேண்டுமே.

வட்டையை விற்கவா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு விற்காதே. வாடியைத் திருப்பிக் கட்டலாம். கிடுகு, கம்புச் செலவு என்னுடையது. ஏனென்று கேட்பாய். அன்று பரணில் உறங்கியது நான்தான்.

ஏசுவதென்றால் கடிதத்தில் ஏசு. போன் எடுக்காதே, வீட்டில் கேட்டுவிடும்.

உன் மச்சான்