மோதிர விரலில் ஓர் இறக்கை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. வடுவூர் ஏரியில் தண்ணீர் ஏறியதும் பறவைகளும் வரத் தொடங்கிவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா டைனோசர் காலத்து டெரோசார் என்கிற அந்த இறக்கை வைத்த பொம்மையைத் திரையில் காட்டி, "அப்பாயி, இது பறக்குமா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "அது நிஜமாகப் பறக்காதும்மா. மலை மேலே ஏறிக் குதித்து, காற்றில் மிதந்து இறங்கும்." அந்த வார்த்தைகள் என்னுடையவை, தம்பி. நான்தான் உனக்குச் சொன்னேன்.

நினைவிருக்கிறதா? நீ ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், கொள்ளிடம் தாண்டி இரண்டு பஸ் மாறி, சாத்தனூர் கல்மரம் பார்க்கப் போனோம். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருந்தது. 12 கோடி ஆண்டுப் பழையது என்றார்கள். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று நான் சொன்னதும், நீ வானத்தைப் பார்த்து, "அப்போது இதற்கு மேலே என்னம்மா பறந்தது?" என்றாய். நூலகத்தில் படித்த ஒரு பழைய புத்தகத்தை நம்பி உனக்கு அந்தப் பதிலைச் சொன்னேன். அது தவறு. முப்பது ஆண்டாக நீ அதைச் சுமந்து, இப்போது உன் மகளிடமும் கொடுத்துவிட்டாய். திருத்த வேண்டியது என் கடமை. தொலைபேசியில் பாதியில் அறுந்துபோகும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

டெரோசார் டைனோசர் அல்ல, டைனோசருக்குப் பங்காளி முறை. முதுகெலும்புள்ள உயிர்களில் முதன்முதலில் தன் பலத்தில் இறக்கையடித்துப் பறந்தது அதுதான். பறவை வருவதற்கு முன்பே, வௌவாலுக்கு வெகுகாலம் முன்பே, 20 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் அது வானத்தில் இருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தது.

கஜா புயல் அடித்த மறுநாள் காலையில் கிணற்றடியில் ஒரு பழந்தின்னி வௌவால் செத்துக் கிடந்தது. கையால் தொடாமல், இரண்டு விளக்குமாற்றுக் குச்சிகளால் அதன் இறக்கையை மெல்ல விரித்துப் பார்த்தேன். வெயில் பட்டதும் தோலுக்குள் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. ஈர்க்கு போல நான்கு விரல்கள் குடைக்கம்பியாக அந்தத் தோலைத் தாங்கிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் மட்டும் கொக்கியாக வெளியே நின்றது. வௌவாலின் இறக்கை என்பது அதன் கைதான் என்று அன்று கண்ணால் கண்டேன்.

டெரோசாருக்கும் கைதான் இறக்கை. ஆனால் நான்கு விரல் இல்லை, ஒரே ஒரு விரல். பாப்பாவின் கையை விரிக்கச் சொல். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சிறியதாக, நகத்தோடு இருக்கட்டும். சுண்டுவிரல் இல்லை என்று வைத்துக்கொள். மோதிர விரல் மட்டும் நீண்டு நீண்டு, அவள் உயரத்தையும் தாண்டிப் போகிறது. அந்த விரல் நுனியிலிருந்து உடம்பு வரைக்கும் தோல். அந்தத் தோலும் வெறும் துணி மாதிரி தொங்கியதல்ல. உள்ளே நெருக்கமாக நார்கள் ஓடி அதை விறைப்பாக வைத்திருந்தன. அந்த நார்களின் தடம் உங்கள் மியூனிக் நகருக்கு வடக்கே, ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கிற சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் பதிந்திருக்கிறது. இந்த உயிரைப் பற்றி முதன்முதலில் எழுதப்பட்டதே அந்தப் பக்கத்துக் கல்லை வைத்துத்தான். 1784-இல் கொலினி என்பவர் அது கடல் பிராணியாக இருக்கலாம் என்று நினைத்தார். 1801-இல் பிரான்சின் குவியே என்ற விலங்கியலாளர் கொலினியின் படத்தைப் பார்த்தே, இது பறக்கும் ஊர்வன என்று சொல்லிவிட்டார்.

மிதந்ததா, பறந்ததா என்று எலும்பை வைத்து எப்படிச் சொல்வது என்று நீ கேட்பாய். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பறக்கும் ஓணான் இருக்கிறது அல்லவா, அதற்கு விலா எலும்பு நீண்டு தோல் விரியும். மரத்துக்கு மரம் சறுக்கும், அவ்வளவுதான். விலாவைப் படபடவென்று அடிக்க முடியாது. அடிப்பதற்குச் சதை வேண்டும், சதை பிடித்துக்கொள்ள எலும்பு வேண்டும். கோழி நறுக்கும்போது நெஞ்செலும்பைப் பார், நடுவில் படகின் அடிக்கட்டை போல ஒரு தட்டு எழும்பி நிற்கும். நாம் ஆசையாகத் தின்னும் நெஞ்சுக்கறி அதில் ஒட்டியதுதான், பெரும்பகுதி இறக்கையைக் கீழே இழுக்கிற சதை. டெரோசாருக்கும் அகன்ற நெஞ்செலும்பு, முன்பக்கம் அதே போல ஒரு மேடு. மேற்கை எலும்பின் தலைப்பில் கோடரி அலகு போல ஒரு விரிவு. சும்மா விரித்து வைத்துக்கொள்ள இத்தனை ஏற்பாடு எதற்கு? எலும்புகளும் மூங்கில் போல உள்ளே காலி, காற்றுதான் நிறைந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி எலும்பு அல்ல, ஒரு காலடித் தடம். நாற்றங்காலைப் பரம்படித்து மட்டமாக்கியதும் கொக்கு வந்து இறங்குமே, அந்த முதல் தடத்தை நீ சின்ன வயதில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாய். பிரான்சில் க்ரேசாக் என்ற இடத்தில் ஒரு டெரோசார் அதே போலச் சேற்றில் இறங்கிய தடம் கல்லாகியிருக்கிறது. முதலில் இரண்டு பின்னங்கால்களும் ஒன்றாக, விரல் நுனி சற்று இழுபட்டு. பிறகு ஒரு சின்னத் தத்தல். அதன் பிறகுதான் கைகளை ஊன்றி நான்கு காலில் நடந்து போகிறது. வேகத்தைக் காற்றிலேயே இறக்கையால் தணித்துக்கொண்டு, கால் வைத்து நிதானமாக இறங்கியிருக்கிறது. விழுந்து இறங்குகிற உயிருக்கு அப்படி ஒரு தடம் வாய்க்காது.

பெரியவற்றைப் பற்றித்தான் வழக்கு. 1971-இல் டெக்சாஸில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் கண்டெடுத்த குவெட்சால்கோட்லஸ் என்ற டெரோசார் இறக்கை விரித்தால் 10 மீட்டருக்குக் குறையாது. நம் வீட்டுத் திண்ணையிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை என்று வைத்துக்கொள். எடை 200 கிலோவுக்கும் மேல் என்கிறார்கள், அதாவது மூன்று நெல் மூட்டை. இவ்வளவு கனம் தரையிலிருந்து எப்படி எழும்பும் என்று சந்தேகப்பட்டவர்கள் நல்ல ஆய்வாளர்களே. ஏரியில் நாமக்கோழி எழும்புவதைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் வரும். கைக்கடக்கமான பறவை, அதுவே தண்ணீர் மேல் எத்தனை தூரம் தடதடவென்று ஓடி மூச்சிரைத்து எழும்புகிறது!

ஆனால் பறவை எழும்புவது காலால். எழும்பிய பிறகு அந்தக் கால் சுமை. 2008-இல் மைக்கேல் ஹபீப் என்ற ஆய்வாளர் எலும்புகளின் உறுதியைக் கணக்கிட்டு, டெரோசார் எழும்பியது கையால் என்றார். அதன் கை எலும்பு கால் எலும்பை விடப் பல மடங்கு உறுதி. நான்கு காலில் நின்று, முதலில் காலால் எம்பி, கடைசியில் கைகளால் பூமியை உந்தித் தள்ளி மேலே போகும். பறக்கிற சதைதான் எழுப்புகிற சதையும். ரத்தம் குடிக்கிற வௌவால் இன்றும் தரையிலிருந்து அப்படித்தான் கையை ஊன்றித் துள்ளுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் தேடியது இந்த ஒரு விடைதான். இன்னும் வாதம் ஓயவில்லை, ஆனாலும் என் மனம் இதில்தான் நிற்கிறது.

நீ சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. பெரியவை மேலே போனபின் கருடனைப் போல இறக்கையை அசைக்காமல் வெகுநேரம் மிதந்திருக்கும். ஆனால் மலை உச்சி தேவைப்படவில்லை. மட்டமான சேற்றுக் கரையிலிருந்தே, நம் ஊர் போன்ற இடத்திலிருந்தே, எழும்பிப் போயிருக்கும்.

பாப்பாவிடம் இன்றே சொல்லிவிடு, அப்பாயிதான் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன் என்றும் சொல். மியூனிக் தொல்லுயிர் அருங்காட்சியகத்தில் அந்தக் கற்கள் இருக்கின்றன, கூட்டிக்கொண்டு போ, மோதிர விரலைத் தேடச் சொல். வீட்டில் நான்கு காலில் நின்று துள்ளிப் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதே, கீழே கனமாகப் போர்வை விரித்துவிடு. கால் முதலில், கை கடைசியில்.

மார்கழியில் டிக்கெட் கிடைத்தால் எழுது. ஏரிக்கரைக்கு விடியற்காலையில் போக வேண்டும், பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல் மருமகளிடம்.

அன்புடன்,
அம்மா