அவன் வந்துதான்

அன்புள்ள மாப்ளை,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கண்மாய் பாதி நிறைந்துவிட்டது. போன வாரம் உசிலம்பட்டியில் ஒரு சோடி கன்று பிடித்தேன்.

2025 மே 7 முதல் 10 வரை பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாயாமே. பையன் எல்லையில் நிற்கும்போது எந்தத் தகப்பனுக்குத் தூக்கம் வரும்? இனி அப்படி ஒரு நேரம் வந்தால் அவன் மனசு தளராமல் இருக்க என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

1999 கார்கில் போரில் நான் திராஸில் போபர்ஸ் பீரங்கியில் இருந்தது உனக்குத் தெரியும். ஒரு குண்டு 40 கிலோவுக்கு மேல் கனம். 10,000 அடிக்கு மேலே அதைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தாலே மூச்சு முட்டும். எங்கள் ஆபீசர் ஒருவர், சின்ன வயசு, காலாட்படையோடு மலையேறிப் போய் எங்கே சுடணும் என்று அங்கிருந்து வயர்லெஸ்ஸில் சொல்லுவார். ஒரு ராத்திரி ஒரு மணி நேரம் அவர் குரல் வரவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. லங்கரிலிருந்து, அதாவது பட்டாளத்துச் சமையல்கட்டிலிருந்து, வந்த பூரி அப்படியே ஆறிக் கிடந்தது. அப்புறம் கரகரவென்று குரல் கேட்டது. வயர்லெஸ் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். விடிய விடியக் குண்டு தூக்கினோம். கை வலித்ததாக நினைவே இல்லை. நாட்டுப்பற்று எல்லாருக்கும் உண்டு மாப்ளை. ஆனால் அந்த நேரத்தில், மேலே நிற்கிற அந்த மனுசனைக் கைவிடக்கூடாது என்பதுதான் மனசில் இருக்கும்.

அப்புறம் வீட்டுக் கடிதம். ரேஷன் லாரியோடு தபால் மூட்டையும் வரும். அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிய இன்லண்ட் லெட்டர் ஒன்று: கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கிடாய், பாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்டேன், நீ வந்துதான் வெட்டணும். தைரியமாக இரு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ‘நீ வந்துதான்’ என்பதை எத்தனை தடவை படித்திருப்பேன்! தேனிக்காரர் ஒருவருக்கும் வாசித்துக் காட்டினேன். கறிச்சோற்றுக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

அதே பங்கரில் இன்னொருவனுக்கு, பங்காளிகள் வரப்பை வெட்டிவிட்டார்கள் என்று கடிதம் வந்தது. எதிரி குண்டுக்கு அசையாதவன் அன்றைக்கு உடைந்துபோனான். எங்கள் பீரங்கிப் பிரிவின் கமாண்டர் அவன் மாவட்டக் கலெக்டருக்கு எழுதினார். லெட்டர் போயாச்சு என்று தெரிந்த பிறகுதான் சோற்றில் கை வைத்தான். வீட்டில் சிக்கல் இருந்தால் மறைக்காதே, எப்படியும் அவன் காதுக்குப் போகும். யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுது.

போனில்தான் பேசுகிறோமே என்று விட்டுவிடாதே. மேலே உள்ள எல்லா போஸ்ட்டிலும் எப்போதும் சிக்னல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. காகிதம் சட்டைப் பையிலேயே இருக்கும், காவல் டியூட்டி முடிந்து வந்து எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். தங்கச்சியையும் நாலு வரி எழுதச் சொல். கிணற்று மோட்டார் கதையையும் எழுது.

சரி, நான் பிடித்த கன்றுகளைப் பற்றியும் ஒரு வரி போட்டுவிடு. அவன் வந்துதான் மூக்கணாங்கயிறு போடணும்.

அன்புடன்,
உன் மச்சான்