விசாகப்பட்டினமும் நம்ம ராயபுரமும்

ராயபுரம்

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே நாளை ஓட்டாதே, போய் டாக்டரைப் பார். கோயம்புத்தூரில் டாக்டருக்கா பஞ்சம்?

விசாகப்பட்டினம் பற்றிக் கேட்டிருந்தாய். பொங்கல் கழிந்து நானும் உன் தங்கச்சியும் போய் வந்தோம். சென்ட்ரலில் ஏறினால் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று முதலில் நம்ம ஏரியாவைத்தான் ரயில் சுற்றிக் காட்டுகிறது. காசு கொடுத்து அதையும் பார்த்தோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலை அங்கே கடல்வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறது. கைலாசகிரி மேலே ஏறினால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் ஊர். தெற்கே டால்பின் மூக்கு என்று ஒரு குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. 1933-இல் திறந்த துறைமுகம் அதன் ஒதுக்கில்தான் இருக்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு நம்ம கரை ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் கடற்கரை முழுக்க வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருகிறது. குறுக்கே துறைமுகச் சுவர் வந்தால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கடல் கரையைத் தின்னும். மெரினா அகலமானதும் காசிமேட்டுப் பக்கம் தெருத்தெருவாகக் கடலுக்குள் போனதும் அதனால்தானே? அங்கேயும் துறைமுகத்துக்கு வடக்கே இருக்கும் ஆர்.கே. பீச்சுக்கு அதே தலைவலி. ஆனால் அங்கே தூர்வாரிய மணலைக் கொண்டுவந்து பீச்சில் கொட்டுகிறார்கள். நமக்குக் கொட்டியது கருங்கல். கால் நனைக்கக்கூட இடமில்லாமல் போனது நமக்குத்தான்!

அந்த பீச்சிலேயே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவில் கட்டியது. 1969-இல் கடற்படைக்கு வந்து 2001-இல் ஓய்வு பெற்றது. அறைக்கு அறை வட்டமான துவாரம். காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, உடம்பை நுழைக்க வேண்டும். உன் முழங்காலுக்கு ஆகாது, வெளியே நின்று சுண்டல் சாப்பிடு. ஒரு ஆள் திரும்பிப் படுக்க முடியாத படுக்கை. சுவர் முழுக்க வால்வும் குழாயும் மீட்டரும். என் லேத் பட்டறை புத்தி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து உன் தங்கச்சியிடம் திட்டு வாங்கினேன்.

மலைமேல் இருக்கும் அரக்குப் பள்ளத்தாக்குக்குக் காரில் போகாதே, காலையில் கிளம்பும் கிரந்துல் ரயிலில் போ. சத்தீஸ்கரின் பைலாடிலா மலை இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது. ஜப்பானுக்குத்தான் அந்தத் தாது போனது. ரயில் மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் பெட்டியில் சின்னப் பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்துகிறார்கள், கூடவே சில பெரியவர்களும். நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். இடையில் பொர்ரா குகை. சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் சொட்டிச் சொட்டி மேலிருந்தும் கீழிருந்தும் தூணாக வளர்ந்திருக்கிறது. கலர் லைட் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள், அதுதான் குறை. அரக்கில் மூங்கிலுக்குள் அடைத்துத் தணலில் சுட்ட கோழி சாப்பிடு, எண்ணெயே கிடையாது. பழங்குடி மக்கள் விளைவிக்கும் காப்பிக்கொட்டையும் வாங்கி வா. நீ கும்பகோணம் டிகிரி காப்பிக்காரன், சிக்கரி இல்லாமல் உனக்கு இறங்குமா தெரியாது.

பீமிலி என்ற கடற்கரை ஊருக்குப் போகும் வழியில் கடலோரம் செம்மண் மேடுகள் இருக்கின்றன, எர்ரமட்டி திப்பலு என்பார்கள். வெயிலுக்கு முன்னால் போய்விடு.

நவம்பர் புயல் மாசம், வேண்டாம். ஏப்ரல் 15-க்கு மேல் மீன்பிடித் தடைக்காலம், அங்கேயும் 61 நாள் படகெல்லாம் கட்டித்தான் கிடக்கும். நல்ல மீன் கிடைக்காது. ஜனவரி சரி. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறார்கள், அதனால் நவம்பருக்குள் தேதி சொல். நாங்கள் இன்னொரு தடவை வரவும் தயார். முதலில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கு; விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததிலிருந்து நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்