பெரிய சண்டைகளை மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம், டஸோன், பாரமவுண்ட் பிளஸ் நிறுவனங்களில் எந்த பாக்ஸிங் சண்டையை ஒளிபரப்ப வாங்குவது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன், குறை அப்புறம். 2025 செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகஸ் அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் கனெலோ அல்வாரெஸும் டெரன்ஸ் கிராஃபோர்டும் மோதியதை, மாதச் சந்தாவுக்கு மேல் ஒரு பைசா கேட்காமல் நெட்ஃபிளிக்ஸ் காட்டியது. இங்கே சென்னையில் அது ஞாயிறு காலை. 4.1 கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாகக் கணக்குச் சொன்னீர்கள். பத்து வருஷத்துக்கு முன்பு, 2015 மே மாதம், மேவெதர் - பாக்கியோ சண்டையை அமெரிக்காவில் ஒருவர் வீட்டிலிருந்து பார்க்க ஏறக்குறைய 100 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 46 லட்சம் பேர் கட்டினார்கள், அதுதான் இன்றுவரை சாதனை. அந்தச் சண்டையோ கொட்டாவி வரவழைத்தது, அது வேறு விஷயம். காசுள்ளவன் வீட்டுக் கூடத்துக்குள் பூட்டி வைத்திருந்த பாக்ஸிங்கை வெளியே எடுத்து வந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ராத்திரி ஜெயித்த கிராஃபோர்டு எங்கிருந்து வந்தார் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டார்களா?

ஒமாஹா நகரத்துக்காரர். 2013 மார்ச் 30 அன்று, வேறொருவர் விலகியதால் காலியான இடத்தில், தன் எடைப் பிரிவுக்கு மேலே போய் பிரைடிஸ் பிரெஸ்காட்டுடன் மோதினார். பிரெஸ்காட் என்றால் 2008-ல் அமீர் கானை ஒரு நிமிஷத்துக்குள் சாய்த்த ஆள். அன்றைய முக்கியச் சண்டை ரியோஸ் - அல்வராடோ. கிராஃபோர்டு அதற்கு முன்னால் வந்த துணைச் சண்டை, அவ்வளவுதான். அமெரிக்கக் கேபிள் சேனலான எச்பிஓ அதையும் காட்டியது. பத்து ரவுண்டும் அவர் கை ஓங்கியே இருந்தது. மறு வருஷம் கிளாஸ்கோ போய் உலகப் பட்டத்தை எடுத்தார். அதே 2014 ஜூனில் சொந்த ஊரிலேயே காம்போவாவை வீழ்த்தினார், அதையும் எச்பிஓதான் காட்டியது. நீங்கள் 2025-ல் அறுவடை செய்தது 2013-ல் இன்னொருவர் நாற்றங்காலில் வளர்ந்த பயிர். அந்த நாற்றங்கால் இப்போது இல்லை. எச்பிஓ 45 வருஷம் நடத்திய பாக்ஸிங்கை 2018 டிசம்பரில் மூடியது. இன்னொரு சேனலான ஷோடைம் 2023 டிசம்பரில் மூடியது. சண்டைகளை ஏற்பாடு செய்யும் டாப் ரேங்க் நிறுவனத்துடன் ஈஎஸ்பிஎன் சேனல் வைத்திருந்த ஒப்பந்தம் 2025 ஜூலையில் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

கிராஃபோர்டு 2025 டிசம்பர் 16 அன்று ஓய்வு அறிவித்தார். அதே வாரம் வெள்ளிக்கிழமை நீங்கள் எங்களுக்குக் காட்டியது, முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஆண்டனி ஜோஷுவா, ஜேக் பால் என்ற யூடியூபரை ஆறாவது ரவுண்டில் தாடை உடைய அடித்துப் போட்டதை. ஜேக் பாலின் துணிச்சலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிராஃபோர்டு எங்கே பழகிக்கொண்டிருக்கிறார், அவருடைய எட்டு ரவுண்டுச் சண்டையை யார் காட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த வாரத்தில் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்ததா?

பெரிய பெயர் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். மிக்கி வார்டு கதையைச் சொல்கிறேன். மாசசூசெட்ஸில் லோவல் என்ற ஊர். பகலில் ரோடு போடும் வேலை, சாயங்காலம் ஜிம். 2001 ஜூலை 13 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஹாம்ப்டன் பீச் என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்ன அரங்கத்தில் இமானுவேல் பர்ட்டனுடன் மோதினார். பர்ட்டன் பின்னாளில் அகஸ்டஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டவர், ரிங்குக்குள் நடனமே ஆடுவார். இருவருக்கும் பட்டம் இல்லை, பின்னால் பெரிய விளம்பரம் இல்லை. ஈஎஸ்பிஎன்2-ல் வெள்ளிக்கிழமைதோறும் வந்த நிகழ்ச்சியில் அது ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை. பத்து ரவுண்டும் ஓயாத அடி. 'தி ரிங்' பத்திரிகை அதைத்தான் அந்த ஆண்டின் சிறந்த சண்டையாகத் தேர்ந்தெடுத்தது.

அதைப் பார்த்த கண்கள்தான் வார்டை அடுத்த படிக்கு ஏற்றின. 2002 மே 18 அன்று ஆர்டுரோ காட்டி என்ற வீரருடன் மோதினார். பாக்ஸிங் பார்க்கிற யாரிடமும் 'காட்டி - வார்டு, ஒன்பதாவது ரவுண்டு' என்று சொன்னால் போதும், உட்கார்ந்திருக்கிறவர் எழுந்துவிடுவார். மணி அடித்த சில நொடிகளில் வார்டின் இடது கை ஹுக் காட்டியின் விலாவுக்குக் கீழே இறங்குகிறது. முகத்தில் வாங்கிய அடிக்கு ஆள் சட்டென்று விழுவான். ஈரலில் வாங்கிய அடி அப்படி இல்லை. காட்டியின் உடம்பு ஒரு கணம் யோசிக்கிறது, பிறகு முட்டி மடிகிறது, முகம் கோணுகிறது. எண்ணி முடிப்பதற்குள் எழுகிறார், மறுபடி வாங்குகிறார். இனி முடிந்தது என்று நினைக்கும்போது திருப்பி அடிக்க ஆரம்பிக்கிறார், வார்டு பின்வாங்குகிறார். பிறகு திரும்பவும் வார்டு. மூன்று நிமிஷத்துக்குள் இவ்வளவும். அதுவும் அந்த ஆண்டின் சிறந்த சண்டை. இருவரும் மூன்றாம் முறை மோதியது 2003-ன் சிறந்த சண்டை. ஒரு ரோடு போடும் தொழிலாளி மூன்று வருஷம் தொடர்ந்து அந்தப் பட்டியலில் இருந்தார். தொடக்கம், யாரும் காசு கொடுத்துப் பார்க்காத ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி.

நெட்ஃபிளிக்ஸ்காரர்களே, இதே பாடத்தை நீங்களே தெரியாமல் ஒருமுறை நடத்திக் காட்டினீர்கள். 2024 நவம்பர் 15, டெக்சஸ் ஆர்லிங்டன். 58 வயது மைக் டைசனைப் பார்க்கத்தான் உலகம் உட்கார்ந்தது. ஒரே நேரத்தில் 6.5 கோடி இணைப்புகள் என்றீர்கள். என் டிவியில் பாதி நேரம் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது, ஊரெல்லாம் அதே புலம்பல். அது நாட்பட்ட குறை, அதற்குப் பிறகு சரிசெய்துவிட்டீர்கள், விடுங்கள். அன்றைக்கு டைசன் சண்டை இரண்டு நிமிஷ ரவுண்டுகளாக, நடை போட்டுப் பழகியதுபோல் முடிந்தது. ஆனால் அதற்கு முன்னால் கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் இருந்தார்கள். செரானோவின் வலது கண்ணுக்கு மேலே தலை மோதித் தோல் கிழிந்து ரத்தம் கொட்டுகிறது, தலையால் முட்டியதற்காக டெய்லருக்கு ஒரு புள்ளி வெட்டு, கடைசி மணி வரை இருவரும் கையை இறக்கவே இல்லை. மூன்று நடுவர்களும் 95-94 என்று டெய்லருக்குக் கொடுத்தார்கள். தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. இன்றைக்கும் அதைப் பற்றிச் சண்டை போட ஆள் கிடைக்கும்.

கூத்துப் பார்க்க வந்த கூட்டம் நிஜச் சண்டையைப் பார்த்துவிட்டது. எட்டு மாதத்தில், 2025 ஜூலை 11 அன்று, அதே இருவரை மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முக்கியச் சண்டையாக வைத்து, பெண்கள் மட்டுமே மோதிய ஒரு முழு நிகழ்ச்சியை நீங்களே காட்டினீர்கள். துணைச் சண்டைதான் நாளைய முக்கியச் சண்டை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

என் பயம் வேறு ஒன்று. புதுச் சாதனம் ஒன்று வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் பாக்ஸிங்கைத்தான் முன்னால் அனுப்புவார்கள். 1921-ல் டெம்ப்ஸி - கார்பென்டியர் சண்டையை வைத்து ரேடியோவை விற்றார்கள். 1975-ல் அலி - ஃபிரேசியர் மணிலா சண்டையை செயற்கைக்கோள் வழியாகக் காட்டித்தான் எச்பிஓ பெரிய ஆளானது. நீங்கள் 2024 நவம்பரில் டைசனைக் காட்டிய கையோடு டிசம்பர் 25 அன்று அமெரிக்கக் கால்பந்துக்குப் போனீர்கள். நேரலைக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கும் களமாக இருந்தோமோ என்று ஒரு சந்தேகம். நெட்ஃபிளிக்ஸ் வைத்திருக்கும் கணக்கில் பாக்ஸிங் வருஷத்துக்குச் சில திருவிழா. அமேசான் பிரைம் 2024 மார்ச்சில் 'பிரீமியர் பாக்ஸிங் சாம்பியன்ஸ்' என்ற ஏற்பாட்டு நிறுவனத்தோடு கைகோத்தபோது முதல் நிகழ்ச்சியே சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம். டஸோன் 2018-ல் அமெரிக்காவுக்குள் வந்தபோது தனிக் கட்டணத்துக்குச் சாவுமணி அடிப்பதாகச் சொல்லி கனெலோவை 36.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2022 மே மாதம் அதே கனெலோ பிவோலுடன் மோதியதற்குத் தனிக் கட்டணம் கேட்டதும் அதே டஸோன்தான். இருந்தாலும் வாரா வாரம் ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு ஹாலைக் காட்டுவது இன்றைக்கும் டஸோன்தான். அந்த நல்லதை மறைக்க மாட்டேன்.

நிறையக் காட்டினால் மட்டும் வளர்ந்துவிடும் என்றும் சொல்லவில்லை. 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிட்டத்தட்ட தினம் ஒரு சண்டை வந்தது. வீட்டிலேயே ஓசியில் கிடைப்பதை யார் டிக்கெட் எடுத்துப் பார்ப்பார்கள்? சின்னச் சின்ன அரங்குகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன, புது ஆள் வரும் வழி அடைந்தது. ஆகவே நான் கேட்பது குவியல் இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன ஹாலுக்கு நீங்கள் போக வேண்டும், அங்கே டிக்கெட் விற்கிறவர் வயிற்றில் அடிக்காமல். ஷோடைம் 2001-லிருந்து 'ஷோபாக்ஸ்' என்று ஒன்றை நடத்தியது. வளரும் இளைஞர்களைச் சோப்ளாங்கிகளோடு விடாமல், தோற்கடிக்கக்கூடியவர்களோடு மோத விட்டது. அதில் வந்தவர்களில் 80-க்கும் மேற்பட்டோர் பிற்காலத்தில் உலகப் பட்டம் வாங்கினார்கள். உங்கள் ஒரு நடுத்தரப் படத்தின் செலவில் அப்படி எத்தனை ராத்திரிகள் நடத்தலாம் என்று உங்கள் கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள்.

இப்போது பாரமவுண்ட் பிளஸில் 2026 ஜனவரியிலிருந்து ஸுஃபா பாக்ஸிங் என்ற ஏற்பாட்டு நிறுவனத்தின் சண்டைகள் தொடராக வருகின்றன. தொடர்ச்சி இருப்பது நல்லது. ஆனால் சண்டையை ஏற்பாடு செய்கிறவரும், தரவரிசை போடுகிறவரும், பெல்ட் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்படி அமெரிக்கச் சட்டத்தையே திருத்தக் கேட்கிறார்கள். 2000-ம் ஆண்டு முகமது அலி பெயரில் வந்த சட்டம், ஒரு சண்டையில் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதை ஏற்பாட்டாளர் வீரனிடம் சொல்ல வேண்டும் என்கிறது. அடி வாங்குகிறவனுக்கு அந்தக் கணக்குத் தெரிய வேண்டும். ஒளிபரப்புக்குக் காசு கொடுக்கிறவர்கள் நீங்கள், எனவே இதில் வாய் திறக்க உங்களுக்கு இடம் உண்டு.

வர்ணனையாளர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2011-ல் விக்டர் ஓர்டிஸை மேவெதர் வீழ்த்திய விதம் சர்ச்சையானபோது, எச்பிஓவின் 80 வயது வர்ணனையாளர் லாரி மெர்ச்சன்ட் மைக்கை நீட்டி நேருக்கு நேர் அதைத்தான் கேட்டார். இவரை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று மேவெதர் ரிங்கிலேயே கத்தினார். பெரியவரும் விடவில்லை. எச்பிஓவுக்கு அன்று மிகப் பெரிய வருமானம் மேவெதர்தான், ஆனாலும் மெர்ச்சன்ட் அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் அதே வேலையில் இருந்தார். இன்று உங்கள் நிகழ்ச்சிகளில் பல இடங்களில் ஏற்பாட்டாளரின் ஆளே மைக் பிடிக்கிறார். மோசமான தீர்ப்பு வந்தால் 'என்ன ஒரு அருமையான ராத்திரி' என்று சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போகிறார்.

எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். கனெலோ - கிராஃபோர்டு நடந்த அதே சனி, ஞாயிறில் லிவர்பூலில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஹரியானாவின் ஜாஸ்மின் லம்போரியா 57 கிலோ பிரிவில், பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய போலந்துப் பெண்ணை வென்று தங்கம் எடுத்தார். மறுநாள் 48 கிலோவில் மீனாட்சி ஹூடா. நான் அதைச் செய்தியாகப் படித்தேன், பார்க்கவில்லை. அந்த ஞாயிறு காலை இந்தியாவில் உங்கள் செயலியைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு, இப்படி ஒன்று நடக்கிறது என்று ஒரு வரிகூடச் சொல்லப்படவில்லை.

சென்னைக்கு இந்த ஆட்டம் புதிதில்லை. வடசென்னையில் பரம்பரை கட்டி மோதிய ஊர் இது. 1980-ல் முகமது அலி இங்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது எம்.ஜி.ஆர். முன்னால் உட்கார்ந்து பார்த்தார். கபடிக்குத் தமிழ் வர்ணனை கேட்டுப் பழகிய காது எங்களுக்கு. நடுவர் ஏன் புள்ளி வெட்டினார், அந்த இடது கை ஏன் வேலை செய்தது என்று தமிழில் ஒருவர் சொன்னால், ஆட்டம் தெரியாத என் வீட்டு ஆட்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

அடுத்த பெரிய சண்டைக்கு ஒப்பந்தம் எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த ஏற்பாட்டாளர் நடத்தும் சின்ன நிகழ்ச்சி மாதம் ஒன்றாவது உங்கள் மேடையில் வர வேண்டும், முதல் சண்டையிலிருந்து, இடையில் பாட்டுக் கச்சேரி இல்லாமல். மைக் பிடிப்பவருக்குச் சம்பளம் நீங்கள் கொடுங்கள். காட்டிய சண்டையை ஒரு மாதத்தில் எடுத்துவிடாமல் நூலகத்தில் வையுங்கள், நான்கு ரவுண்டுச் சண்டை உட்பட. அந்தப் பையன் பத்து வருஷம் கழித்து ஸ்டேடியத்தில் நிற்கும்போது, விளம்பரப் படத்துக்கு நீங்களே தேடப்போவது அதைத்தான்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் பாக்ஸிங் ரசிகன்,
சென்னை